பிழையில்லாத ஒரு வாக்கியம்

நடந்தவை, வரிசைப்படி:

1. ரப்பர் மரம் சீவப் போன அஞ்சலை, மழையில் ஊறிய மேட்டில் சறுக்கி விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார்.
2. எங்கள் மருத்துவமனையில் அவருடைய காலுக்கு மாவுக்கட்டு போடப்பட்டது.
3. மறுநாள் காலை, இரவுப் பணி முடித்த இளம் தாதி கஸ்தூரி, அஞ்சலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள்.
4. அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. தலைமைத் தாதியான மேட்ரன் தலையசைத்தார்.
5. அந்த வாக்கியத்தில் உண்மையும் இல்லை.
6. அஞ்சலைக்குப் பாதத்தின் அசைவு போயிற்று. கஸ்தூரிக்கு வேலை போயிற்று.
7. மேட்ரனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏழாவது வரியை நிதானமாக எழுத எனக்கு இத்தனை வருடங்கள் பிடித்தன.

எனக்கு ஓய்வு பெறும் வயது இல்லை. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரின் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய எங்கள் மருத்துவமனையை மூடினார்கள். முப்பத்தைந்து வயதில் எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் இருந்த என்னை ஈப்போவில் புதிதாகத் தொடங்கியிருக்கும் தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். அதன் நிர்வாகி மரியாதையான மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"சிஸ்டர், நம்ம பிள்ளைங்க வேலையில சுட்டிங்க. ஆனா வாயைத் தொறந்தா போச்சு லா. வாஸ் போட வேண்டிய எடத்துல இஸ். ஹேட் போடுற எடத்துல ஒண்ணுமே கெடையாது. டாக்டருங்க சிரிக்கிறாங்க. நீங்க அந்த பாஸ்ட் டென்ஸையும் ஹெல்ப்பிங் வெர்ப்பையும் மட்டும் கத்துக்குடுத்துட்டீங்கன்னா போதும்."

வெளியே வந்தபோது சீருடையில் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி பீடோர் ஊர்க்காரி, தைரியசாலி.

"அக்கா, நீங்கதான் கிளாஸ் எடுக்க வாரீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா."

"வந்தா, தப்பாச் சொன்னா நிக்க வெப்பீங்களா?"

அந்தக் கேள்விக்கு அங்கே நின்றபடி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். தாதிப் பயிற்சி முடித்து எழுபதுகளின் நடுவில் வேலையில் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர்கள். பிறகு இடைநிலைப் பள்ளி முழுக்க மலாயில். நாட்டில் பள்ளிகளின் மொழி மாறியது; எங்கள் மருத்துவமனையின் ஆங்கிலம் மாறவில்லை. அவர்கள் மலாயில் தேறி, மலாயில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் ஊமையானார்கள். அது அவர்கள் குற்றமா? எனக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மூளையில் இல்லை, பிறந்த வருடத்தில் இருந்தது.

மேட்ரனைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவரும் தமிழர்தான், ஈப்போவில் கான்வென்டில் படித்தவர். கைராசிக்காரர். அவர் ஊசி போட்டால் குழந்தைகள் அழ மறந்துவிடும். புண்ணைக் கழுவும்போது நோயாளியின் முகத்தைத்தான் பார்ப்பார்; கை தானாக வேலை செய்யும். வார்டுக்குள் மட்டும் ஒரு சொல் தமிழ் பேசமாட்டார். நோயாளி தமிழில் கேட்டால் எங்களைப் பார்ப்பார்; நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பு ஒரு தாதி, ஊசி போட்டாகிவிட்டது என்று சொல்வதற்குப் பதிலாகப் போட வேண்டும் என்று பொருள்படும்படி சொல்லிவிட்டாளாம். அடுத்த பணிக்கு வந்தவள் அதே ஊசியை மறுபடி போட்டாள். நோயாளி பிழைத்துக்கொண்டார், ஆனால் மேட்ரன் அந்தப் பயத்திலிருந்து மீளவேயில்லை. முடிந்ததும் முடியாததும் வினைச்சொல்லில் தெரிய வேண்டும் என்பார். அது சரி. அதை நான் இன்றும் மறுக்கவில்லை. மருத்துவமனையில் இறந்தகாலம் என்பது விளையாட்டு இல்லை. நான் மறுப்பது அவர் அதைக் கற்பித்த விதத்தை.

விதம் இதுதான். காலை ஏழு மணிக்கு இரவுத் தாதி பொறுப்பை ஒப்படைப்பாள். எல்லோரும் முதல் படுக்கையின் கால்மாட்டில் நிற்போம். இரவுத் தாதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியின் நிலையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வினைச்சொல் தவறினால் மேட்ரன் பேனாவால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவார். எது தவறு என்று சொல்லமாட்டார். அவளே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் முதல் படுக்கைக்குத் திரும்பிப் போய் எல்லோரும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆறாவது படுக்கையில் தப்பு செய்தாலும் அப்படித்தான். எட்டாவதில் செய்தாலும் அப்படித்தான். இரவு முழுதும் நின்ற கால்கள். தோட்டத்துக்குப் போகும் பஸ்சோ காத்திருக்காது. பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் சொல்லித் தொலையேன் லா," என்று முணுமுணுப்பார்கள்.

என்னை அவர் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. நான் படித்த பள்ளி அப்படி.

இதிலிருந்து எங்கள் வார்டில் ஒரு வழக்கம் பிறந்தது. அதை வேறு எங்கும் நான் கண்டதில்லை. புதிதாக வரும் பெண்ணுக்கு மூத்தவர்கள் முதல் வாரத்திலேயே சில வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். தட்டு விழாத வாக்கியங்கள். 'மெடிசின்ஸ் வேர் கிவன்.' 'நோ கம்ப்ளெய்ன்ட்ஸ் வேர் மேட்.' எல்லாவற்றிலும் மேலானது, 'பேஷண்ட் ஹேட் எ கம்ஃபர்டபிள் நைட்.' நோயாளி இரவை நிம்மதியாகக் கழித்தார் என்று பொருள். இலக்கணம் உருக்கு மாதிரி. எங்கே போட்டாலும் நிற்கும்.

அன்பினால்தான் கற்றுக்கொடுத்தார்கள். யாரும் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் என்ன ஆயிற்று? அந்த வார்டில் எல்லா நோயாளிகளும் எல்லா இரவுகளையும் நிம்மதியாகக் கழித்தார்கள். இருமிக்கொண்டே விடிந்தவரும் நிம்மதியாகக் கழித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவரும் நிம்மதியாகக் கழித்தார். உண்மை வேறு வழியில் போனது. டீ வண்டியோடு, பண்டகசாலையில், கழிவறை வாசலில், தமிழில். டாக்டர் வருவதற்குள் அது எங்கள் காதுக்கு வந்துவிடும். வந்துவிடும் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. அதுதான் ஆபத்து.

மாவுக்கட்டு போட்ட காலைக் கவனிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களில் நான்கு விஷயம் பார்ப்போம்: நிறம், சூடு, அசைவு, உணர்ச்சி. நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் சிவப்பு உடனே திரும்ப வேண்டும். விரல் சில்லிட்டால், அசைக்க முடியாமல் போனால், உள்ளே கால் வீங்குகிறது, கட்டு இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். காத்திருக்கக் கூடாது. கட்டை வெட்ட வேண்டும்.

ஆகவே ஒப்படைப்பில் சொல்ல வேண்டியது ஒரு மாற்றத்தை. நேற்று இப்படி இருந்தது, நடுவில் வலி தொடங்கியது, இன்னும் விடவில்லை, இப்போது இப்படி இருக்கிறது. தமிழில், "நேத்து சூடா இருந்துச்சு, இப்ப சில்லுன்னு இருக்கு," என்று ஒரே மூச்சில் வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று வெவ்வேறு காலங்கள் வேண்டும். அதில் ஒன்று, முன்பே தொடங்கி இன்னும் முடியாததைச் சொல்வது. எங்கள் பெண்களை அழவைத்தது அந்த 'ஹேஸ் பீன்'தான். மோசமடையும் நோயாளியைப் பற்றிச் சொல்ல எது தேவையோ அதுவே அவர்களுக்கு வராதது.

அன்று காலை கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தபோதே அவள் எதையோ மனதுக்குள் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. இரண்டாவது படுக்கையில் கம்பியில் தட்டு விழுந்தது. முதலுக்குத் திரும்பினோம். மறுபடி இரண்டாவதில் தட்டு. மறுபடி திரும்பினோம். அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது. எனக்குப் பின்னால் ஒருத்தி, "இன்னிக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்," என்றாள்.

ஆறாவது படுக்கை அஞ்சலை. கண் விழித்துப் படுத்திருந்தார். கஸ்தூரி வாயைத் திறந்தாள், "தி டோஸ் இஸ்..." என்று தொடங்கினாள். டோஸ் என்றால் கால்விரல்கள், பன்மை; இஸ் வரக்கூடாது. மேட்ரனின் பேனா எழுந்தது. அது கம்பியில் விழுவதற்கு முன், கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"பேஷண்ட் ஹேட் எ கம்ஃபர்டபிள் நைட், மேட்ரன்."

பேனா இறங்கியது. மேட்ரன் தலையசைத்தார். அஞ்சலையும், கஸ்தூரியைப் பார்த்து, தலையசைத்தார்.

ஏழாவது படுக்கைக்கு நகர்ந்தோம்.

ஒப்படைப்பு முடிந்த கையோடு பிரசவ அறையில் அவசரம் என்று மேட்ரன் என்னை அழைத்துப் போனார். வார்டில் மீதிப் பேர் விதிப்படி வேலை செய்தார்கள்: தொந்தரவு சொல்லப்பட்டவர்களை முதலில், நிம்மதியாகக் கழித்தவர்களைக் கடைசியில் பார்த்தார்கள். நான் திரும்பி வந்தபோது டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு மரியாயி எதிரே வந்தார். வார்டு ஆயா அவர்.

"மிஸ்ஸி, அந்த அஞ்சல வெரலு ஐசு மாதிரி இருக்குன்னு கஸ்தூரி சொல்லிச்சே. டாக்டர் பாத்துட்டாரா?"

"எப்ப ஆயா சொன்னா?"

"பஸ்சுக்கு ஓடறப்ப. 'அக்கா லேபர் ரூம்ல இருந்து வந்ததும் மொதல்ல சொல்லிருங்க ஆயா'ன்னுச்சு. கதவுகிட்ட நின்னு உங்களத்தான் பாத்துச்சு. உள்ள மேட்ரன் இருந்தாங்க, வரல."

நான் ஓடினேன். விரல்களின் நிறம் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் இருந்தது. நகத்தை அழுத்திப் பார்த்தேன், சிவப்பு திரும்பவில்லை.

"அஞ்சல, வெரல அசைங்க பாப்போம்."

அவர் விரல்களையே உற்றுப் பார்த்தார். அவை வேறு யாருடையவையோ போல அசையாமல் இருந்தன.

"எப்பலேருந்து இப்படி?"

"விடியறதுக்கு முன்னாடியே வலி உசுரு போச்சு மிஸ்ஸி. இப்ப வலி அவ்வளவா இல்ல. மரத்துப்போச்சு."

"இவ்வளவு நேரம் ஏன் ஒரு சத்தம் குடுக்கல? ஒரு ஆளக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதான் அந்தப் புள்ள காலையில மேட்ரன் அம்மாகிட்ட இங்கிலீசுல சொல்லிச்சே மிஸ்ஸி. நீங்களும் நின்னீங்க. அவங்க சரின்னு தலையாட்டிட்டுத்தானே போனாங்க. பெரியவங்ககிட்ட சொல்லியாச்சு, டாக்டரக் கூட்டியாருவாங்க, நாம பொறுத்துக்கிட்டு கெடப்போம்னு கெடந்தேன்."

கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஓடிவந்து கட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பிளந்தார். உள்ளே சுற்றியிருக்கும் பஞ்சையும் கடைசி இழை வரை வெட்ட வேண்டும்; ஓர் இழை மிச்சமிருந்தாலும் கயிறாக இறுக்கும். அவர் இழை இழையாக வெட்டினார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். டாக்டர் வந்தார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினோம். அங்கே காலைக் காப்பாற்றினார்கள். பாதத்தைத் தூக்கும் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. அதன்பிறகு அஞ்சலை எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் இடது பாதம் தொங்கி, தரையை உரசியது. மேட்டுக்காட்டில் மரம் சீவுகிறவருக்கு அது என்ன என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விசாரணை மருத்துவமனை அலுவலகத்தில் நடந்தது. செயலாளர், தோட்ட மேலாளரான துரை ஒருவர், டாக்டர், மேட்ரன் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி நின்றாள். கேள்விகள் ஆங்கிலத்தில். அவள் பதில் சொல்ல ஆரம்பிப்பாள். இரண்டாவது சொல்லில் நிற்பாள். கண் தானாக மேட்ரனின் கையிலிருந்த பேனாவுக்குப் போகும்.

நான் சாட்சியாக அழைக்கப்பட்டிருந்தேன். எழுந்தேன். "இந்த அறையில் எல்லோருக்கும் மலாய் தெரியும். அவள் மலாயில் படித்தவள். மலாயில் சொல்ல விடுங்கள்," என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மருத்துவமனையின் பணிமொழி ஆங்கிலம் என்று செயலாளர் சொன்னார். நாட்டின் மொழியில் ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளக் கூடாது என்று, நாட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அமைதியாகச் சொன்னார். ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போனாளே என்றேன். ஆயாவிடம் சொன்னது அறிக்கை ஆகாது என்றார்.

டாக்டர் மட்டும் முன்னால் சாய்ந்து, மெதுவாக, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கஸ்தூரி ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"தாக்குட்."

மலாயில் பயம். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் செயலாளர் எழுதுவதற்காக மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் மொழிபெயர்த்தார்: "ஷீ வாஸ் அஃப்ரெய்ட்."

வாஸ் சரியான இடத்தில் இருந்தது. யாரைக் கண்டு பயந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. செயலாளர் எழுதியது அதையுமல்ல. கடமையில் கவனக்குறைவு என்று எழுதி, அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வெளித் தாழ்வாரத்தில் மேட்ரன் என்னை நிறுத்தினார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினார். அழகான தமிழ்.

"நீ என்னையக் குத்தவாளி மாதிரி பாக்குற. நான் என்ன, அவள பொய் சொல்லவா சொன்னேன்?"

"இல்ல மேட்ரன். தப்பில்லாமச் சொல்லச் சொன்னீங்க."

"அது தப்பா?"

"அவ உண்மையச் சொல்ல ஆரம்பிச்சா. பேனாவத் தூக்கினீங்க. பொய்யச் சொன்னா. தலையாட்டினீங்க."

மேட்ரன் வார்டுக்குள் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் படுக்கையின் கால்மாட்டில் பேனாவோடு நின்றார்.

அதற்குப் பிறகு என் பணிநேரங்களில் நான் ஒரு வேலை செய்தேன். மேட்ரன் வருவதற்கு முன் இரவுத் தாதியோடு ஒவ்வொரு படுக்கையாகப் போவேன். ஆளைத் தொட்டுப் பார்த்து, என்ன மாறியது என்று மட்டும் கேட்பேன். தமிழிலோ மலாயிலோ எதில் வருகிறதோ அதில் சொல்வார்கள். நோயாளிக்கும் அது புரியும். தாதி விட்டதை அவரே சேர்ப்பார். பிறகு மேட்ரன் வந்ததும் ஆங்கிலச் சடங்கு நடக்கும். நான் செய்வது அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை, ஏற்கவுமில்லை. விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்; மருத்துவமனை மூடும் வரை மாறவில்லை. இதில் எனக்கு வியப்பானது ஒன்று. ஒருமுறை தமிழில் சரியாகச் சொல்லிவிட்டவள், அதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது தட்டு வாங்குவது குறைந்தது. சொல்ல வேண்டிய விஷயம் கையில் இருந்தால் வினைச்சொல் பின்னாலேயே வந்துவிடுகிறது. பயந்தவளுக்கு இரண்டுமே வருவதில்லை.

அதனால் பீடோர்ப் பெண்ணே, என் பதில் இது. நிற்கவைக்க மாட்டேன். ஆங்கிலம் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். வாஸ், வேர், ஹேட், ஹேஸ் பீன் எல்லாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அவை தெரியாவிட்டால் உங்களைப் பேசவிடாத நாற்காலிகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு நோயாளியின் கால் உங்கள் இலக்கணம் தேறும் வரை காத்திருக்காது. தப்பாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் கத்திச் சொல்லுங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும்.

உங்கள் நிர்வாகியிடம் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். கஸ்தூரிக்கு இப்போது இருபத்தொன்பது வயது. ஈப்போவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஊசி போடத் தெரிந்த கை துணி மடிக்கிறது. அவளைத் தாதியாக எடுங்கள், நான் வகுப்பு எடுக்கிறேன் என்றேன். அவர் விசாரித்துவிட்டு, "ரெக்கார்டுல கவனக்குறைவுன்னு இருக்கே சிஸ்டர், சூசா லா," என்றார். கஷ்டம் என்கிறார். அந்தச் சொல்லை நீக்கச் சொல்லிப் பழைய நிர்வாகத்துக்கு எழுதினேன். மருத்துவமனையே இல்லை, நீக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது.

அஞ்சலை தோட்டத்து ஆயக்கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். மேட்ரன் ஓய்வு பெற்று ஈப்போவில் இருக்கிறார். கஸ்தூரியை உங்கள் மருத்துவமனை இன்னும் எடுக்கவில்லை. நான் இன்னும் வகுப்பைத் தொடங்கவில்லை.